மரமும் மந்தர நாதமும்

இசைக்கருவி செய்வோன் முதலில் நாடிச் செல்வது காட்டையே. வீணை செய்வோர் நன்கு முற்றிய பலா மரத்தைத் தேடுவர். மிருதங்கத்தின் கட்டையைக் கடைவோரும் அப்பலாவையே விரும்புவர். மேனாட்டில் வயலின் செய்வோர் மேற்பலகைக்கு ஸ்புறூஸ் என்னும் ஊசியிலை மரத்தையும், முதுகுப் பலகைக்கு மேப்பிள் மரத்தையும் நாடுவர். இன்ன மரம் இன்ன நாதத்தைத் தரும் என்பது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு.

ஆயின், மின்சாரத்தின் துணைகொண்டு ஒலிக்கும் வாத்தியத்தில் மரத்துக்கு என்ன வேலை? இக்கேள்வி வாத்தியக்காரருக்கு மட்டும் உரியதன்று. நம் இளைஞர் பலர் இன்று இசைக் குழுக்களில் பேஸ் கிற்றார் வாசிக்கின்றனர். அவர்களுட் சிலர், கடையில் வாங்கிய கருவியோடு அமையாது, தாமே மரந்தெரிந்து, கைவினைஞர் ஒருவரைக்கொண்டு தமக்கென்றே ஒரு கருவியைச் செய்விக்க விழைகின்றனர். அத்தகைய கருவியின் விலை சாதாரணக் கருவியின் விலையிலும் பல மடங்கு. அந்தப் பணமோ பெரும்பாலும் தந்தையாரின் சேமிப்பிலிருந்து வருவது. அன்றேல் கடல் கடந்து உழைக்கும் தமையனார் அனுப்புவது. ஆதலின் மரம் பற்றிச் சொல்லப்படுவனவற்றுள் மெய் எது, மிகை எது என்று ஆராய்ந்து பார்ப்பது குடும்பத்தார் யாவர்க்கும் பயனுடையதாகும்.

வாத்தியத்தின் பிறப்பு

பேஸ் கிற்றார் தோன்றுமுன் மேனாட்டு வாத்திய கோஷ்டிகளில் மந்தர சுரங்களை ஒலித்தது ஆளுயரத்திற்கும் மேற்பட்ட பெரிய டபிள் பேஸ் ஆகும். அதைச் சுமந்து செல்வது கடினம். மின் கிற்றார்களின் நடுவே அதன் ஓசை அமிழ்ந்து போகும். மெட்டுகள் இல்லாமையால் சுரத்தானம் பிசகாமல் வாசிக்கவும் நீண்ட பயிற்சி வேண்டும்.

இக்குறைகளைத் தீர்க்க முன்வந்தவர் கலிபோர்ணியாவிலுள்ள புல்லர்ட்டன் என்னும் ஊரில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வந்த லியோ பென்டர் என்பவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்பான செய்தி. 1951ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கருவிக்கு ‘பிறிசிஷன் பேஸ்’ என்று பெயர். மெட்டுகள் பொருத்தப்பட்டமையால் சுரம் துல்லியமாக விழும் என்பதே அப்பெயரின் கருத்து. உள்ளே பொள்ளல் இல்லாத கட்டிப் பலகையே அதன் உடல். தந்திகளின் கீழே ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் வைக்கப்பட்டன. உடல் ஆஷ் என்னும் மரத்தினால் ஆயது. தண்டி மேப்பிள் மரத்தினால் ஆயது.

அதன்பின் சில ஆண்டுகளில் ஆஷ் மரத்தின் இடத்தை ஆல்டர் மரம் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. காரணம் நாதமன்று. ஆஷ் மரத்தின் மேற்பரப்பில் நுண்டுளைகள் மிகுதி. அவற்றை அடைத்து மெருகிட வேண்டும். ஆல்டர் மரத்திலே அவ்வேலை குறைவு, விலையும் மலிவு. 1959ஆம் ஆண்டளவில் மேப்பிள் தண்டியின் மேல் ஈட்டி மரத்தினாலாகிய விரற்பலகை ஒட்டப்பட்டது. வாசிப்போரின் விரல் பட்டு வெளிறிய மேப்பிள் அழுக்கேறித் தோன்றியது இதற்கு ஒரு காரணமாம். இவ்வாறு பட்டறையின் வசதிக்காகவும் தோற்றத்திற்காகவும் தெரிந்தெடுக்கப்பட்ட மரங்களே பிற்காலத்தில் ‘இனிய நாதம் தரும் மரங்கள்’ என்று போற்றப்படலாயின. அக்கருவிகளில் வாசிக்கப்பட்ட பாடல்களை உலகம் கேட்டுப் பழகியது; பழகிய ஓசையே செவிக்கு இலக்கணமாயிற்று.

மரம் கொடுப்பதும் எடுப்பதும்

வீணையிலும் வயலினிலும் நிகழ்வது வேறு. பேஸ் கிற்றாரில் நிகழ்வது வேறு. இவ்வேற்றுமையை மாணவர்கள் நன்கு உணர்தல் வேண்டும்.

வீணையின் தந்தி மெல்லியது. அது தனியே அதிர்ந்தால் காற்றை அசைக்கும் வலிமை அதற்கு இல்லை. அது தன் அசைவைக் குதிரை வழியாகக் குடத்திற்குக் கொடுக்கின்றது. குடத்தின் மரம் அதிர்ந்து, அகன்ற பரப்பினால் காற்றைத் தள்ளுகின்றது. அங்கே நாம் கேட்பது மரத்தின் ஓசையே.

பேஸ் கிற்றாரிலோ காந்தத்தின் மேல் உருக்குத் தந்தி அசைகின்றது. அவ்வசைவினால் சுருளில் மின்னோட்டம் பிறக்கின்றது. அது பெருக்கப்பட்டு ஒலிபெருக்கி வழியே வெளிவருகின்றது. காந்தம் மரத்தை அறியாது. உருக்கை மட்டுமே அறியும். எனவே மரம் இங்கே ஓசையைப் பிறப்பிப்பதில்லை. அது செய்யக்கூடியது ஒன்றே: தந்தியின் அசைவிலிருந்து ஒரு பகுதியைத் தான் வாங்கிக்கொள்ளுதல். எந்தச் சுரத்தில் எவ்வளவு வாங்குகின்றது, எவ்வளவு விரைவில் வாங்குகின்றது என்பதிலேயே மரத்துக்கு மரம் வேறுபாடு உண்டாகின்றது. வீணையின் மரம் வள்ளல். பேஸ் கிற்றாரின் மரம் வரி வாங்கும் அதிகாரி என்றே சொல்லலாம். வீணைக்கு நன்றாக அதிரும் மரம் வேண்டும். மின் வாத்தியத்திற்கோ எளிதில் அதிராத மரமே தந்தியின் ஓசையை நீளச் செய்யும்.

இங்கே மரத்தின் நிறையும் விறைப்பும் கணக்கில் வருகின்றன. ஒரு கன மீற்றர் ஆல்டர் மரம் ஏறக்குறைய 450 கிலோகிராம் நிறையுடையது. மேப்பிளின் வலிய இனம் ஏறக்குறைய 700. தென்னிந்தியாவின் ஈட்டி மரம் ஏறக்குறைய 830. ஆபிரிக்காவின் வெங்கே மரம் ஏறக்குறைய 870. ஒரு பேஸ் கிற்றாரின் உடலுக்கு 4,000 கன சதம மீற்றர் மரம் வேண்டுமென்று வைத்துக்கொண்டால், ஆல்டரில் அது 1.8 கிலோகிராம் ஆகும், மேப்பிளில் 2.8 கிலோகிராம் ஆகும். இந்த ஒரு கிலோகிராம் வேறுபாட்டைச் செவி உணருமோ இல்லையோ, மூன்று மணி நேரம் நின்று வாசிப்பவரின் தோள் நன்றாகவே உணரும்.

ஓசை மாயும் இடம்

மரத்தின் செயலை ஐயமின்றிக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. பேஸ் கிற்றார் வாசிப்போர் பலர் இதனை அனுபவத்தில் அறிவர். எல்லாச் சுரங்களும் நன்றாக நீடித்து ஒலிக்கையில், ஓரிடத்தில் மட்டும் சுரம் தோன்றியவுடனேயே அவிந்து போகும். தந்தியைக் குறை சொல்வார்கள், புதுத் தந்தி மாற்றுவார்கள், குறை நீங்காது. பென்டர் வகைக் கருவிகளில் இது மிக மெல்லிய தந்தியின் ஐந்தாம் மெட்டிலிருந்து ஏழாம் மெட்டு வரையுள்ள இடத்தில் அடிக்கடி காணப்படுவது. அங்கே பிறக்கும் சுரங்கள் விநாடிக்கு ஏறக்குறைய 131 முதல் 147 வரை அதிர்வுகள் கொண்டவை.

ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஹெல்முட் பிளைஷர் என்னும் ஆய்வாளர் 1990களின் இறுதியில் இதனை அளந்து ஆராய்ந்தார். கருவியின் உடல் கனமானது, அசைய மறுப்பது. தண்டியோ நீண்டு மெலிந்தது. ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட பிரம்பைப்போல அது வளைந்து அதிரும் இயல்புடையது. வாசிக்கும் சுரத்தின் அதிர்வும் தண்டியின் இயற்கையான அதிர்வும் ஒன்றுபட்டுவிடின், தந்தியின் ஆற்றல் தண்டிக்குள் பாய்ந்து மறைகின்றது. தந்தி வறிதாகின்றது, சுரம் அவிகின்றது. தண்டியின் தலையிலே ஒரு சிறு எடையைக் கவ்வச் செய்தால், அதன் இயற்கை அதிர்வு மாறி, ஓசை மாயும் இடமும் வேறிடத்திற்கு நகர்ந்துவிடும். இதனை எவரும் செய்து பார்க்கலாம்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? வாங்குவோர் பெரும்பாலும் கருவியின் உடல் என்ன மரம் என்றே வினவுகின்றனர். மேற்பலகையின் வரியழகைக் கண்டு மயங்குகின்றனர். ஆயின் நாதத்தை மிகுதியாகப் பாதிப்பது தண்டியின் விறைப்பே. அதற்கான மரமும், அதை எப்படி அறுத்து ஒட்டினர் என்பதுமே முதலில் கேட்க வேண்டியவை.

தனிக்கருவி செய்வோர்

ஒருவருக்கென்றே அளவெடுத்துப் பேஸ் கிற்றார் செய்யும் தொழில் பெரும் புகழ் பெற்றது கலிபோர்ணியாவில் 1969ஆம் ஆண்டு தோன்றிய அலெம்பிக் நிறுவனத்தினால் எனலாம். பொறியியலாளர் றொன் விக்கர்ஷாமும், கருவி செய்யும் கைவினைஞர் றிக் ரேணரும் அங்கே சேர்ந்து உழைத்தனர். தண்டியை உடலோடு திருகாணியாற் பூட்டுவதை விட்டு, தலையிலிருந்து அடிவரை ஒரே நீளமாகச் செல்லுமாறு அமைத்தனர். அந்நீண்ட தண்டியையும் ஒரே கட்டையாற் செய்யாது, மேப்பிளையும் ஊதா நிறமுடைய வேறொரு வன்மரத்தையும் கீற்றுக் கீற்றாக அறுத்து ஒட்டிச் செய்தனர். கீற்றுகளின் நாரோட்டம் ஒன்றையொன்று தாங்குவதால் தண்டி எளிதில் வளையாது, முறுக்காது. ஸ்ரான்லி கிளார்க் என்னும் வித்துவான் அக்கருவியைக் கையிலெடுத்தபின், பின்னணியில் நின்ற பேஸ் கிற்றார் முன்னணி வாத்தியமாக ஒலித்ததை இசையுலகம் கேட்டது.

நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் கார்ல் தொம்சன் என்னும் கைவினைஞர் 1975ஆம் ஆண்டு அன்ரனி ஜக்சன் என்னும் வித்துவானுக்காக ஆறு தந்திகளுடைய பேஸ் கிற்றார் ஒன்றைச் செய்து கொடுத்தார். நான்கு தந்திக் கருவியின் மிகத் தடித்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வுகளுடன் ஒலிப்பது. அதற்குங் கீழே சேர்க்கப்பட்ட தந்தியோ 31 அதிர்வுகளே உடையது. தந்திகள் கூடக்கூடத் தண்டியின் மேல் இழுவை கூடும். அத்தண்டியைத் தாங்கும் மரத்தின் வலிமையும் கூட வேண்டும்.

மரமே இன்றிச் செய்து பார்த்தவரும் உளர். 1980ஆம் ஆண்டளவில் நெட் ஸ்ரைன்பேர்கர் என்பவர் காபன் இழையும் பிசினும் கொண்டு, தலையே இல்லாத பேஸ் கிற்றாரை வெளியிட்டார். அது சுரந்தோறும் சமமாக ஒலித்தது. ஓசை மாயும் இடம் அதில் அரிதாயிற்று. ஆயினும் வாசிப்போர் யாவரும் மரத்தைத் துறந்து அதன்பின் சென்றுவிடவில்லை. மரம் வாங்கிக்கொள்ளும் அந்தச் சிறு வரியினாற் பிறக்கும் ஏற்றத்தாழ்வையே பலர் செவி விரும்புகின்றது போலும்.

விரல் படும் பலகை

மரத்தின் செல்வாக்கு மிகுதியாக வெளிப்படும் இடம் மெட்டுகள் இல்லாத பேஸ் கிற்றாரே. மெட்டுள்ள கருவியில் தந்தி உலோகத்தின் மேல் அழுந்துகின்றது. மெட்டில்லாத கருவியிலோ தந்தியின் ஒரு முனை நேரே மரத்தின் மேல் அமர்கின்றது. பலகை மெதுவாயின் ஓசை மங்கும். கருங்காலி போன்று கடினமாயின் ஓசை தெளிந்து நீடிக்கும். ஆனால் முறுக்குக் கம்பி சுற்றிய தந்தி மரத்தை அராவிப் பள்ளமாக்கிவிடும். புளோரிடாவில் வளர்ந்த ஜாக்கோ பஸ்ரோறியஸ் என்னும் வித்துவான், மெட்டுகள் நீக்கப்பட்ட தமது 1962ஆம் ஆண்டுக் கருவியின் விரற்பலகைக்கு, படகுகளுக்குப் பூசும் எபொக்சிப் பிசினைப் பூசினார். பலகை கண்ணாடிபோற் கடினமாயிற்று. 1976ஆம் ஆண்டு வெளிவந்த அவரது முதல் இசைத்தட்டில், பாடுங் குரல்போல அக்கருவி குழைந்தொலிப்பதைக் கேட்கலாம். அங்கே தந்தி தொட்டது மரத்தையன்று, பிசினையே என்பதை நினைவிற் கொள்க.

டெற்றோயிற் நகரின் மோட்டவுன் இசைக்கூடத்தில் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் கதையும் இத்தகையதே. அவர் கையிலிருந்தது கடையில் எவரும் வாங்கக்கூடிய சாதாரண பிறிசிஷன் பேஸ். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார். தட்டைக் கம்பி சுற்றிய தடித்த தந்திகளை, அறுந்தாலன்றி மாற்றமாட்டார். குதிரையருகே தந்தியின் அடியில் கடற்பஞ்சு போன்ற மெத்தைத் துண்டு ஒன்று இருந்தது. பழைய தந்தியும், பஞ்சும், அந்த ஒற்றை விரலும் சேர்ந்தே அந்த நாதத்தைத் தந்தன.

காட்டின் கணக்கு

இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 2018ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மின்சாரம் இன்றி ஒலிக்கும் ஆறு கிற்றார்கள் செய்விக்கப்பட்டன. முதுகும் பக்கமும் மட்டும் வெவ்வேறு மரம்; ஏனையவெல்லாம் ஒன்றே. கருவியைக் கண்ணால் அடையாளங் காணாதபடி 52 வாத்தியக்காரர் வாசித்துப் பார்த்தனர். அரிய விலையுள்ள பிரேசில் ஈட்டிக்கும் மலிவான மரங்களுக்குமிடையே அவர்கள் குறிப்பிடத்தக்க ஏற்றத்தாழ்வு காணவில்லை. மரமே ஒலிக்கும் கருவியின் நிலை இதுவாயின், மின் வாத்தியத்தில் அரிய மரத்துக்கு அள்ளிக் கொடுப்பது எவ்வளவு பொருந்தும்?

பணம் மட்டுமன்று இங்கே செலவாவது. பிரேசில் ஈட்டி மரம் அழிவை நெருங்கியமையால் 1992ஆம் ஆண்டு அதன் சர்வதேச வாணிபம் தடுக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஈட்டி இனம் முழுவதும், ஆபிரிக்காவின் புபிங்கா மரமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019ஆம் ஆண்டு இறுதியில் செய்து முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டதாயினும், பிரேசில் ஈட்டிக்கு அவ்விலக்கு இல்லை. வட அமெரிக்காவின் ஆஷ் மரங்களையோ மரகதப் பச்சை நிறமுடைய ஒரு வண்டு அழித்து வருகின்றது. ஆசியாவிலிருந்து சென்ற அவ்வண்டு டெற்றோயிற் நகரருகே கண்டறியப்பட்டது 2002ஆம் ஆண்டில். கோடிக்கணக்கான மரங்கள் அதற்கு இரையாயின. பென்டர் நிறுவனமே தனது வழக்கமான கருவிகளிற் பெரும்பாலானவற்றில் ஆஷ் மரத்தைக் கைவிடுவதாக 2020ஆம் ஆண்டு அறிவித்தது.

கருங்காலியின் கதை இன்னும் வருந்தத்தக்கது. அமெரிக்கக் கிற்றார் உற்பத்தியாளர் பொப் டெய்லர், 2011ஆம் ஆண்டு ஸ்பானிய நிறுவனமொன்றுடன் சேர்ந்து, கமரூன் நாட்டில் கருங்காலி அறுக்கும் ஆலையொன்றை வாங்கினார். முழுக் கறுப்பாக உள்ள ஒரு மரம் கிடைக்கும்வரை பல மரங்கள் வெட்டப்படுவதையும், வரியோடியவை காட்டிலேயே கிடந்து மக்குவதையும் அவர் அறிந்தார். வரியோடிய கருங்காலியும் கடினத்திற் குறைந்ததன்று, நாதத்திற் குறைந்ததன்று. நிறம் ஒன்றே குறை. அதன்பின் வரியோடிய மரத்தையும் தமது கருவிகளில் அவர் பயன்படுத்தலானார். இச்செய்தி நமக்கும் அந்நியமன்று. இலங்கையின் வறண்ட காடுகளில் வளரும் கருங்காலி முன்னாளில் உலகெங்கும் விரும்பி வாங்கப்பட்டது. மிக மெதுவாக வளரும் அம்மரம் இன்று அரிதாகிச் சட்டத்தின் பாதுகாப்பில் நிற்கின்றது.

வாங்குவோர் கவனிக்க

கருவி செய்விக்க எண்ணும் இளைஞர்க்கும், பணங்கொடுக்கும் பெற்றோர்க்கும் நாம் கூறுவன சில. முதலாவது, தண்டியைக் கவனியுங்கள். நன்கு உலர்ந்த மரமா, நாரோட்டம் நேராக உள்ளதா, உள்ளே இழுவையைத் திருத்தும் உருக்குக் கோல் ஒழுங்காகத் திரும்புகின்றதா என்று பாருங்கள். நம் நாட்டின் ஈரக்காற்றில் மரம் நீர் வாங்கிப் பருக்கும். குளிரூட்டிய அறையில் அது காய்ந்து சுருங்கும். கீற்றுகளை ஒட்டிச் செய்த தண்டி இம்மாறுதலை நன்கு தாங்கும். இரண்டாவது, ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டிலும் வாசித்து, ஓசை மாயும் இடம் உண்டா என்று செவியால் அறியுங்கள். மூன்றாவது, தோளில் மாட்டி அரைமணி நேரம் நில்லுங்கள். தலை கீழே சாயுமாயின் அக்கருவி உங்களுக்கு உதவாது. நான்காவது, உடலின் மரம் எதுவாயினும் ஆகுக. அழகுக்காகக் கூடுதற் பணம் கொடுப்பின், அது அழகுக்கே கொடுக்கப்படுவது என்று தெரிந்து கொடுங்கள். அழகை விரும்புதல் குற்றமன்று. அதை நாதம் என்று எண்ணி வாங்குதலே ஏமாற்றம்.

கற்கத் தொடங்கும் பிள்ளைக்குச் சாதாரணக் கருவியே போதுமானது. புதிய தந்திகளும், நல்ல காந்தச் சுருளும், ஒழுங்காகச் சீவிய மெட்டுகளும் சிறு செலவிலேயே பெரும் மாற்றத்தைத் தரும். மிகுந்த பணத்தை நல்லதோர் ஆசிரியருக்குக் கொடுத்தால் அது வீண்போகாது. சில ஆண்டு வாசித்தபின், தன் கைக்கு எது குறை என்று பிள்ளையே அறிந்து சொல்லும். அன்று ஒரு கைவினைஞரிடம் போகலாம். அவரும் வேண்டுவது இன்னதென்று அறிந்து வருபவருக்கே மனம் மகிழ்ந்து மரத்தைத் தேர்வார்.